பூனைக்குத் தினமும் ஒரே சாப்பாடு போதுமா?

கேள்வி (மார்ச் 8, 2024)
வீட்டுக்குள்ளேயே வளர்ற பூனை. ரெண்டு வயசு, பெண். ஒரே கம்பெனி டிரை ஃபுட் தவிர எதையும் மோந்துகூடப் பார்க்க மாட்டேங்குது. நாங்க சைவம், முட்டை மட்டும் உண்டு. தினமும் அதையே கொட்டறதுக்குப் பாவமா இருக்கு. தயிர் சாதம், நெய் சாதம், பருப்பு சாதம்னு மாத்தி மாத்திப் பழக்கலாமா? எங்க பாட்டி வீட்ல பூனைக்குத் தயிர் சாதம்தான். பதினஞ்சு வருஷம் இருந்தது.

மார்ச் 9
பாட்டி வீட்டுப் பூனை தயிர் சாதத்துல பதினஞ்சு வருஷம் வாழலை. பரண்ல ஓடின எலி, கொல்லையில இருந்த ஓணான், பல்லி, கரப்பான், கூட்டுலேர்ந்து விழுந்த குருவிக்குஞ்சு, இதுங்களை வெச்சு வாழ்ந்துச்சு. தயிர் சாதம் பாட்டியோட திருப்திக்கு. உங்க பூனை வெளிய போகாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுக்குப் பரணும் இல்ல, கொல்லையும் இல்ல. நீங்க தட்டுல வைக்கறதுதான் மொத்தமும்.

டாரின்னு ஒண்ணு இருக்கு. நம்ம உடம்பு அதைத் தானே செஞ்சுக்கும். பூனை உடம்பால தேவையான அளவு செஞ்சுக்க முடியாது, இறைச்சியிலேர்ந்தும் மீன்லேர்ந்தும்தான் வரணும். அரிசியிலயும் பருப்புலயும் அது கிடையாது. குறைஞ்சா கண்ணுல விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1987ல அமெரிக்காவுல டேவிஸ்ல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல, பால் பியான்ங்கிற கால்நடை மருத்துவர் தன் குழுவோட இதைக் கண்டுபிடிச்சு வெளியிட்டார். அந்தப் பூனைங்க தின்னது தயிர் சாதம்கூட இல்ல, கடையில விக்கற கேட் ஃபுட். அதுலயே டாரின் பத்தாம இதயம் கெட்டுப்போயிருந்தது. அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் அளவைக் கூட்டினாங்க.

காரட் துருவிப் போட்டு சாதம் கொடுக்கறவங்களுக்கும் சேர்த்து: காரட்ல இருக்கறதை வைட்டமின் ஏ-வா மாத்தற வேலை பூனை உடம்புல நடக்காது. கண்ணுக்கு நல்லதுங்கறது உங்க கண்ணுக்கு.

டிரை ஃபுட்டை நிறுத்தாதீங்க. மாத்தறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.

மார்ச் 9, இரவு
ரொம்ப வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா எழுதிட்டேன்னு வீட்ல சொல்றாங்க. இருக்கட்டும்.

முட்டை உண்டுன்னு சொன்னீங்களே, அதைப் பிடிச்சுக்குங்க. நல்லா வேக வெச்சு, உப்பு போடாம, மஞ்சக்கருவுல ஒரு சுண்டைக்காய் அளவு. பச்சை முட்டை வேண்டாம். பச்சை வெள்ளைக்கருவுல இருக்கற அவிடின், பயோட்டின்ங்கற வைட்டமினைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு உடம்புல சேர விடாது. வெந்தா அந்தப் பிரச்சினை போயிடும்.

மார்ச் 12
"கொஞ்சம்"னா எவ்வளவுன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. கணக்கு இதோ. நாலு கிலோ எடையுள்ள, கருத்தடை பண்ணின வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். சத்து முழுசா இல்லாத அயிட்டங்கள், அதாவது முட்டை, வெந்த கோழி, மீன், நீங்க ஆசைப்பட்டு ஊட்டறது எல்லாம் சேர்ந்து அதுல பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு கால்நடை மருத்துவர்கள் சொல்றாங்க. பத்து சதவீதம்னா 20 கலோரி. வேக வெச்ச கோழி நெஞ்சுக்கறியில அது 12 கிராம். கட்டைவிரல் நுனி அளவுல ரெண்டு துண்டு, அவ்வளவுதான். அந்த ரெண்டு துண்டை வெச்சுக்கிட்டு "இன்னும் கொஞ்சம் வை, எலும்பா இருக்கான்"னு எங்க அம்மா என்னைப் பார்க்கற பார்வை இருக்கே. சிங்காரம் எலும்பா இல்ல. அவன் குறுக்க படுத்தா சமையல்கட்டுக்கு வழி கிடையாது.

(சிங்காரம் எங்க பூனை. சாம்பல் வரி, கடுவன், கருத்தடை ஆயிடுச்சு.)

மார்ச் 13
பத்து சதவீதத்தைப் பிடிச்சுக்கிட்டு "அப்போ மாத்தவே கூடாதுன்னு சொல்றீங்க"ன்னு ஒருத்தர் வந்துட்டார். இல்லைங்க. அந்த வரம்பு முழுமையில்லாத சாப்பாட்டுக்கு. பாக்கெட்ல "கம்ப்ளீட்"னு போட்டிருந்தா, கோழி, சூரை, கானாங்கெளுத்தி, டிரை, வெட், எதை வேணும்னாலும் மாத்தி மாத்திப் போடலாம். "காம்ப்ளிமென்டரி"ன்னு பொடி எழுத்துல இருந்தா அது தின்பண்டக் கணக்கு. குச்சியில பிதுக்கி நக்கக் கொடுக்கற கிரீம் முக்கால்வாசி இந்த வகைதான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, முன்பக்கம் இருக்கற பூனைப் படம் எதையும் சொல்லாது.

மாத்தறதுல ஒரு நிஜமான லாபமும் இருக்கு. ஒரே தீனிக்குப் பழகின பூனைக்கு நாளைக்கு அந்தக் கம்பெனி சரக்கு வரலைன்னாலோ, சிறுநீரகம் கெட்டு டாக்டர் வேற தீனி எழுதினாலோ, அது தொடாது. அன்னிக்கு உட்கார்ந்து அழறதுக்கு இப்பவே நாலு விதம் பழக்கறது மேல். ருசிக்காகங்கறதைவிட இதுக்காக.

மார்ச் 17, ஞாயிறு
"பூனைக்குன்னு தனியா மீன் வாங்குவீங்களா, வீட்ல செய்யறதுலேர்ந்தா?" நல்ல கேள்வி, ஏன்னா எங்க வீட்ல மாறினது பூனையோட தட்டு மட்டும் இல்ல.

நாங்க வண்ணாரப்பேட்டை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரம். அப்படியிருந்தும் வருஷக்கணக்கா எங்க வீட்டுப் படியேறின மீன் ரெண்டே ரெண்டு: வஞ்சிரம், சங்கரா. மகனுக்கு முள் ஆகாது, அவருக்கு வாடை ஆகாது. மத்தி, நெத்திலி, காரப்பொடி எல்லாம் அம்மாவோட ஆசை. ஒருத்திக்காக எதுக்குன்னு அவங்களே கேக்கறதை விட்டுட்டாங்க.

சிங்காரம் வந்தப்புறம் அவனுக்குன்னு பொடிமீன் வாங்க ஆரம்பிச்சேன். கூடை எடுத்துட்டு வர்ற அக்கா என்னைப் பார்த்ததும், "இன்னா கண்ணு, இன்னிக்கு வூட்டுக்கா, பூனைக்கா?"ன்னு கேக்கும். பூனைக்குன்னு சொன்னா கொசுறு தாராளமா விழும். மனுஷங்களுக்குன்னா தராசு ரொம்ப நேர்மையா நிக்கும். இந்த ரகசியம் தெரிஞ்சதுலேர்ந்து எல்லாமே பூனைக்குத்தான்.

கால் கிலோ மத்தி வாங்கினா அவனுக்கு ஒண்ணு போதும். மிச்சத்தை அம்மா பிடிச்சுக்கிட்டாங்க. மிளகும் சீரகமும் அரைச்சு விட்டு, புளியைக் குறைச்சு ஒரு துண்டு மாங்காய் போட்டு, மண்சட்டியில ஒரு குழம்பு. மகன் முதல்ல மூக்கைப் பொத்திக்கிட்டு முட்டை பொரிச்சுக்கிட்டான். அப்புறம் குழம்பு மட்டும் தொட்டுக்கிட்டான். இப்ப முள்ளை நாக்கால பிரிச்சு தட்டு ஓரத்துல வரிசையா அடுக்கி வைக்கறான். அவங்க அப்பா மட்டும் இன்னும் சங்கரா கட்சி.

நெத்திலி ஆயறதுக்கு நான் உட்கார்ந்தா சிங்காரம் சமையல்கட்டு நிலைப்படியில வந்து உட்காருவான். தலைக்குப் பின்னாடி கட்டைவிரல் நகத்தை வெச்சு ஒரு கிள்ளு, அப்படியே கீழ்ப்பக்கமா இழுத்தா குடலும் சேர்ந்து வந்துடும். ஒவ்வொரு கிள்ளுக்கும் அவன் காது ஒரு சுத்து சுத்தும். கிட்ட வர மாட்டான், கத்த மாட்டான். கிண்ணத்துல போடற சத்தம் கேட்டாத்தான் எழுந்திருப்பான்.

அவனுக்குச் செய்யற விதம்: உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் கிடையாது. தலையையும் குடலையும் எடுத்துட்டு, குக்கர்ல கொஞ்சூண்டு தண்ணி விட்டு, முள் நசுங்கற வரைக்கும் விசில். மத்தி முள் விரல்ல எடுத்து நசுக்கினா மாவாயிடணும், அதுதான் பதம். சதையில கால்சியம் ரொம்பக் குறைவு, அந்தக் குறைக்கு முள் ஈடு கட்டும். வெந்த தண்ணியைக் கொட்டாதீங்க, டாரின் தண்ணியில இறங்கற சமாச்சாரம். மேலயே ஊத்திடுங்க. கோழி எலும்புக்கு இந்தக் கதை ஒத்துவராது. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பா உடைஞ்சு தொண்டையைக் கிழிக்கும்.

மார்ச் 18
"அந்த மிளகுக் குழம்புல இருக்கற மீனைக் கழுவிட்டுக் கொடுத்தா என்ன?"

கொடுக்கக் கூடாது. எங்க அம்மா மிளகுக் குழம்புல வெங்காயம் இல்லாட்டியும் பூண்டு இருக்கு. வெங்காயம், பூண்டு ரெண்டும் பூனையோட சிவப்பணுவை உடைக்கும். பூனை எடையில கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே ரத்தத்துல மாறுதல் காட்டப் போதும். நாலு கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது ரெண்டு மூணு சின்ன வெங்காயம். பூண்டு அதைவிடக் கடுமை. வதக்கினாலும் வேக வெச்சாலும் போகாது, சாறு சதைக்குள்ள இறங்கினப்புறம் மேல கழுவி என்ன பயன்? அறிகுறி அன்னிக்கே தெரியாது, சில நாள் கழிச்சுத்தான் ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும். அதுக்குள்ள எதனாலன்னு நமக்கு மறந்துடும்.

தாளிக்கறதுக்கு முன்னாடி எடுங்க, அல்லது தனியா வேக வையுங்க. நடுவுல வேற வழி கிடையாது.

மார்ச் 18, பிற்பாடு
கருவாடும் வேண்டாம். உப்பு. கருவாடு வறுக்கற அன்னிக்கு அவனை உள்ரூம்ல போட்டுக் கதவைச் சாத்திடறோம். அக்கம்பக்கத்து ஆளுங்களையும் அப்படிப் போட முடிஞ்சா நல்லாயிருக்கும்.

மார்ச் 26
கேள்வி கேட்டவங்க திரும்ப எழுதியிருக்காங்க: முட்டையைத் தொடலை, "பட்டினி போடு, பசிச்சா தானா சாப்பிடும்"னு பக்கத்து வீட்ல சொன்னாங்களாம்.

தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நாய்க்குச் சரியா வரலாம். பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தா உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலுக்குப் போய்க் குவிஞ்சு, கல்லீரல் வேலை செய்யறதை நிறுத்திடும். குண்டுப் பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். காது உள்பக்கம், ஈறு எல்லாம் மஞ்சளாகும்போது நிலைமை கைமீறிக்கிட்டு இருக்கும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதுன்னு நம்ம ஆளுங்க சும்மா சொல்லலை. வீட்டுக்குள்ள படுத்திருக்கறதும் அந்த வம்சம்தான், பிடிவாதத்துல சாகவும் துணியும்.

ஒரு நாள் முழுக்க எதையும் தொடலைன்னா டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

ஏப்ரல் 3
சரி, பட்டினி போடாம எப்படிப் பழக்கறது?

பழைய தீனியை எடுக்காதீங்க. புதுசை வேற கிண்ணத்துல, பக்கத்துல வையுங்க. கலந்து வெச்சா பழசையும் சந்தேகப்படும் பூனைங்க உண்டு, சிங்காரம் அந்த ரகம். கிண்ணத்தை மோந்துட்டு, முன்னங்காலால தரையைச் சுரண்டி மூடற மாதிரி பண்ணுவான். அவமானம் எனக்கு. மோப்பம் பிடிச்சுட்டுப் போனாலே அன்னிக்கு வெற்றின்னு வெச்சுக்குங்க. நக்க ஆரம்பிச்சப்புறம் பத்து நாள்ல மெதுவா அளவை மாத்தலாம். அவசரப்பட்டா வயித்தால போகும்.

ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து அப்படியே வைக்காதீங்க. இப்பத்தான் பிடிச்ச எலி எந்தச் சூட்ல இருக்குமோ அந்தச் சூடு, 37, 38 டிகிரி. வெந்நீர்ல கிண்ணத்தை வெச்சா போதும். சூட்டுல வாசனை எழும்பும், பூனை மூக்கால சாப்பிடற ஜென்மம். நாக்குல சுவை மொட்டு நமக்கு ஆயிரக்கணக்குல, அதுக்குச் சில நூறு.

குட்டியா இருக்கும்போது எதெல்லாம் தின்னுச்சோ அதைத்தான் பெரிசானதும் சாப்பாடா மதிக்கும். மொறுமொறுன்னு மட்டுமே பழகினதுக்கு கூழா இருந்தா அது உணவே இல்ல. அதனால குட்டி வளர்க்கறவங்க ஆறு மாசத்துக்குள்ள நாலஞ்சு விதமா காட்டிடுங்க. ரெண்டு வயசுக்காரி கொஞ்சம் கஷ்டம். முடியாததில்ல.

ஏப்ரல் 16
நேத்துலேர்ந்து தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில விசைப்படகு போகாது. மீன் குஞ்சு பொரிக்கற காலம். வஞ்சிரம் பக்கத்துல நாம போக வேண்டாம். ஃபைபர் படகு போய் வர்றதால பொடிமீன் கொஞ்சம் வரும், அதுக்கும் விலை ஏறிடும். ஏரி மீன் கிடைக்கும்: கட்லா, ரோகு, ஜிலேபி. எங்க வீட்ல ஜிலேபி பொரிச்சா எல்லாரும் சாப்பிடறாங்க. சிங்காரம் மோந்துட்டுத் தரையைச் சுரண்டறான்.

இதுக்கு நடுவுல ஒரு விஷயம். மீன் மட்டுமே போடறதும் நல்லதில்ல. எண்ணெய்ச் சத்துள்ள மீன், முக்கியமா சூரையோட சிவப்புச் சதை, அதையே தினமும் கொடுத்தா உடம்புல வைட்டமின் ஈ தீர்ந்துபோய் தோலுக்கடியில இருக்கற கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலிக்கும். பச்சையா கொடுக்கறவங்க கவனிக்க: நெத்திலி மாதிரி சில மீன்ல தயமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, வைட்டமின் பி1-ஐ அழிச்சிடும், பூனை தலை தொங்கி தள்ளாட ஆரம்பிக்கும். வேக வெச்சா அந்த நொதி செத்துடும். "மார்க்கெட் பூனை பச்சை மீன்தானே தின்னுது"ன்னு கேப்பீங்க. அது எலியும் தின்னுது, கோழிக்கடைக் கழிவும் தின்னுது. ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டும். அப்படியும் வீட்டுப் பூனை அளவுக்கு ஆயுசு அதுக்குக் கிடையாது.

ஆக, தடைக்காலம் எங்களுக்கு ஒரு விதத்துல உபகாரம். கடலே வந்து மெனுவை மாத்திக் கொடுக்குது.

ஏப்ரல் 28
மீன் இல்லாத வாரத்துல கோழிக்கடை. இதயம் கேளுங்க. நெஞ்சுக்கறியைவிட இதயத்துல டாரின் ரொம்ப அதிகம், விலையும் கம்மி. தொடைக்கறியும் நெஞ்சுக்கறியைவிட மேல். ஓயாம வேலை செய்யற தசையில அது கூடுதலா இருக்கும்.

ஈரல் பூனைங்களுக்கு உயிர். ஆனா அதை தினமும் கொடுக்கக் கூடாது. வைட்டமின் ஏ மிதமிஞ்சிச் சேர்ந்து கழுத்து எலும்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், தலையைத் திருப்பி முதுகை நக்கக்கூட முடியாமப் போகும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு சின்னத் துண்டு.

அந்தத் துண்டு போக மிச்ச ஈரலை அம்மா மிளகு போட்டு வறுத்தாங்க. எனக்கு ரத்தத்துல இரும்பு குறைவுன்னு வருஷா வருஷம் டாக்டர் எழுதறார், வருஷா வருஷம் நான் மாத்திரையை டிராயர்ல போடறேன். கடைசியில ஈரல் என் தட்டுக்கு வந்தது பூனை தயவுல.

மே 6
அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சு ரெண்டு நாள். "பூனை தண்ணியே குடிக்க மாட்டேங்குது" கேள்விகள் வரிசையா வந்திருக்கு.

பூனையோட மூதாதை ஆப்பிரிக்க, மேற்காசியப் பாலைவனக் காட்டுப்பூனை. இரையில இருக்கற ஈரத்துலயே காலம் தள்ளின இனம், தாகம் லேசுல தெரியாது. எலி உடம்புல ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணி. டிரை ஃபுட்ல பத்துக்கும் கீழ. வெட் ஃபுட்ல 75லேர்ந்து 80. நாலு கிலோ பூனைக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லி தேவைன்னு வெச்சுக்கிட்டா, 85 கிராம் பாக்கெட் ஒண்ணுலயே 65 மில்லி வந்துடும். டிரை மட்டும்னா முழுசையும் அது குடிச்சே ஆகணும், பெரும்பாலும் குடிக்காது. மாத்திக் கொடுக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச முதல் காரணம் இதுதான். மார்ச்ல மருந்துத் தீனி காரணத்தை முதல்ல சொன்னேன், இப்ப வெயில்ல உட்கார்ந்து யோசிச்சா வரிசை மாறுது.

எங்க வீட்ல நடக்கறது: தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்துல தண்ணி வைக்கறதில்ல, வேற மூலையில வைக்கறோம். வாய் அகலமான மண்சட்டி. இத்தனையும் செஞ்சப்புறம் அவன் குடிக்கறது பாத்ரூம் பக்கெட்ல. பக்கெட்டைத் தினமும் தேய்ச்சுக் கழுவறேன், வேறென்ன பண்ண?

பால் பத்தி: வேண்டாம். குட்டியில பால் செரிக்கற நொதி வளர வளர குறைஞ்சிடும், அப்புறம் வயித்துப்போக்கு. தயிர் ஒரு ஸ்பூன் நக்கினா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. தயிர் சாதக்காரங்களுக்கு இவ்வளவுதான் என்னால விட்டுக்கொடுக்க முடியும்.

மே 6, இரவு
சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாதது, ஆனா சொல்லாம விட முடியாது. கடுவன் பூனை திரும்பத் திரும்ப மண் டப்பாவுல போய் உட்கார்ந்து முக்கி, சிறுநீர் வராம கத்தினா, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அடைப்பு. அன்னிக்கே ஆஸ்பத்திரி.

உடம்பு சுடுதுன்னு பாரசிட்டமால் உடைச்சுப் போடறதும் கூடவே கூடாது. அதை உடைச்சு வெளியேத்தற வசதி பூனைக் கல்லீரல்ல இல்ல. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும், பூனை போயிடும்.

மே 19
இழை எங்கேயோ போகுது, நானும் போறேன். மாடித் தொட்டியில குப்பைமேனி தானா முளைச்சிருந்தது. அம்மா சொறிக்கு அரைச்சுப் பூசலாம்னு வேரோட பிடுங்கி வெச்சாங்க. பூனைவணங்கின்னு அதுக்கு இன்னொரு பேர் உண்டு. செடியா நின்னப்போ சிங்காரம் திரும்பிக்கூடப் பார்த்ததில்ல. வேர் வெளிய வந்த நிமிஷம் மாடிப்படி முழுக்கக் குரல் கொடுத்துக்கிட்டு வந்தான். கன்னத்தை வேர் மேல தேய்ச்சான், நாலு கால்லயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உருண்டான், எச்சில் ஒழுக மல்லாந்து கிடந்தான். ஆறு கிலோ ஆம்பளை. வெளிநாட்டுக்காரங்க பூனைக்காக கேட்னிப்னு காசு கொடுத்து வாங்கற செடியில இருக்கற வேதிப்பொருளுக்கு உறவுக்காரச் சரக்கு இந்த வேர்ல இருக்கு. நமக்கு மதில் ஓரத்துல சும்மா முளைக்குது.

தின்னக் கொடுக்காதீங்க, தேய்ச்சு உருள மட்டும். கொஞ்ச நேரத்துல தானா தெளிஞ்சு எழுந்து, நடந்ததுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத முகத்தோட போயிடுவான்.

செடி பேச்சு வந்ததால: லில்லிப் பூங்கொத்து யாராவது கொடுத்தா வீட்டுக்குள்ள வைக்காதீங்க, மகரந்தம் நக்கினாலே சிறுநீரகம் போகும். கார்த்திகைக் கிழங்கும் விஷம்தான்.

மே 20
"ஆறு கிலோவா? மார்ச்ல நாலு கிலோன்னீங்க!"

மார்ச்ல எழுதினது பொதுவான ஒரு பூனைக்குக் கணக்கு. சிங்காரம் பொதுவான பூனை இல்ல. சுண்டைக்காய் அளவு, கட்டைவிரல் நுனி அளவு எல்லாம் என் கை அளவு. அம்மா கை அளவு வேற, அது எத்தனை கலோரின்னு எந்தப் பாக்கெட்லயும் போடலை.

மே 25
எங்க பையன் ஐஸ்கிரீம் கொடுத்தா நக்குதே, இனிப்பு பிடிக்கும்தானேன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பு உணர்ற ஏற்பிக்கு வேண்டிய ரெண்டு மரபணுவுல ஒண்ணு பூனை இனத்துல உடைஞ்சு கிடக்கு. ஃபிலடெல்ஃபியாவுல இருக்கற மோனல் ஆய்வு மையத்துக்காரங்க 2005ல இதை வெளியிட்டாங்க, புலி, சிவிங்கிப்புலியிலயும் அப்படித்தான்னு பார்த்துட்டு. உங்க பூனை நக்கினது கொழுப்பை. எங்க வீட்டு மைசூர்பாகு டப்பா மூடியைச் சுரண்டினவனும் நெய்க்காகத்தான் சுரண்டினான், இனிப்புக்காக சுரண்டினவன் என் மகன். சாக்லேட் மட்டும் எட்டாத இடத்துல வையுங்க, அதுல இருக்கற தியோபுரோமின் பூனைக்கு ஆகாது. திராட்சையும் காய்ஞ்ச திராட்சையும்கூட வேண்டாம்.

ஜூன் 2
கேள்வி கேட்டவங்ககிட்டேர்ந்து தகவல்: வெந்நீர்ல சூடு பண்ணின கோழி பாக்கெட்டை அவங்க பூனை நக்கி முடிச்சிடுச்சாம். முட்டை இன்னும் தொடலை. சைவ வீட்ல அந்தப் பாக்கெட்டைத் திறக்கறதுக்கு மாமியார் பால்கனியில ஒரு ஸ்டூல் ஒதுக்கிக் கொடுத்திருக்காங்க, தனிக் கத்தரிக்கோல், தனி ஸ்பூன், தனிக் கிண்ணம். எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம். உங்க மாமியார் மாதிரி ஆளுங்க இருந்தா பாதிக் கேள்வி இங்க வரவே வராது. முட்டையை விட்டுடுங்க. பிடிக்கலைன்னா பிடிக்கலை, பாக்கெட்ல எல்லாம் இருக்கு. அடுத்து டிரை ஃபுட்லயே வேற கம்பெனி ஒண்ணு, சின்னப் பையா வாங்கி ஓரமா வையுங்க.

ஜூன் 16, ஞாயிறு
தடை முடிஞ்சுது. போன படகெல்லாம் திரும்பி வர இன்னும் நாளாகும், இன்னிக்கே காசிமேட்டுக்கு ஓடாதீங்க. அக்கா இன்னிக்கு மத்தி கொண்டு வந்தது. "வூட்டுக்கா பூனைக்கா"ன்னு கேட்டதுக்கு என் மகன் முந்திக்கிட்டு "வீட்டுக்கு, ஒரு கிலோ"ன்னுட்டான். கொசுறு போச்சு.

நிறைய வாங்கினா எப்படி வைக்கறதுன்னு கேட்டவங்களுக்கு: குக்கர்ல வெந்த மீனை அந்தத் தண்ணியோடயே மசிச்சு ஐஸ் ட்ரேயில ஊத்தி ஃப்ரீசர்ல வையுங்க. ஒரு கட்டி ஒரு வேளைக்குச் சரியா இருக்கும். முதல் நாள் ராத்திரி கீழ்த்தட்டுக்கு மாத்திட்டு, காலைல வெந்நீர்ல சூடு பண்ணிக்கலாம். ஒருதடவை உருகினதைத் திரும்ப உறைய வைக்காதீங்க. ட்ரே மேல "பூனை"ன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டிடுங்க. வெயில்ல வந்த விருந்தாளி தானே எடுத்து எலுமிச்சை ஜூஸ்ல ரெண்டு கட்டி போட்டுக்குவார், எங்க வீட்ல போட்டுக்கிட்டார்.